மேனேஜரைத் துரத்துகிறோம் சரி, ஓனரை யார் துரத்துவது?

மோகனூர்க்காரன் (நாமக்கல்)

இந்த ஃபோரத்தின் மான்செஸ்டர் யுனைடெட் இழையில் "அமோரிம் போய்விட்டார், இனி நல்ல காலம்தான்" என்று நாலு பேர் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். "கோச் போனதற்கா இந்தக் கொண்டாட்டம்? ஓனர் அப்படியேதானே உட்கார்ந்திருக்கிறார்?" என்று ஒரு வரி போட்டேன். வந்து விழுந்த வசவைப் பார்த்தால் அந்த இழை இனி அந்த இழையாக இருக்காது போலத் தெரிந்தது. அதனால் தனியாக ஆரம்பிக்கிறேன், இங்கே வந்து திட்டுங்கள்.

நான் பிளாக்பர்ன் ரோவர்ஸ் ஆள். நாமக்கல்லில் பிளாக்பர்ன் ரசிகனா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழி. பிவி 300 குஞ்சு என்றால் இந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் குஞ்சு வருகிற வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் குடும்பம்தான், அதாவது வெங்கீஸ், 2010 நவம்பரில் பிளாக்பர்னை வாங்கியது. விலை 2.3 கோடி பவுண்டு, கடன் தனி. "நம்ம கோழிக்காரங்க இங்கிலாந்துல ஃபுட்பால் டீம் வாங்கிட்டாங்கடா" என்று அப்பாதான் பேப்பரை நீட்டினார். அன்று பிடித்த சனி இன்னும் இறங்கவில்லை.

வாங்கும்போது அது சின்ன கிளப் இல்லை. 1875-ல் ஆரம்பித்தது, 1888-ல் ஃபுட்பால் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு அணிகளில் ஒன்று. 1994-95-ல் ஸ்ட்ரைக்கர் ஷீரர் 34 கோல் போட்டு பிரீமியர் லீக்கையே ஜெயித்துக் கொடுத்தார். அந்த கிளப் 2012-ல் பிரீமியர் லீக்கை விட்டு இறங்கியது, 2017-ல் மூன்றாம் டிவிஷனுக்கே போனது. பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கிய கிளப் ஒன்று அவ்வளவு கீழே போனது அதுதான் முதல் தடவை.

இத்தனைக்கும் நடுவில் எத்தனை மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள்! ஒவ்வொரு தடவையும் "அவுட், அவுட்" என்று கத்தினோம். ஒவ்வொரு தடவையும் ஓனர் நிம்மதியாகத் தூங்கினார். கோச்சைத் துரத்து என்கிற கோஷம் ஓனருக்கு எதிரானது என்று நினைக்கிறோம். இல்லை, அவருக்கு அதைவிட வசதியான கோஷம் கிடையாது.

சிங்காநல்லூர் ரெட் (கோவை)

அண்ணா, வணக்கம். பொங்கல் வைத்த நாலு பேரில் நானும் ஒருவன்.

அமோரிம் போனதற்குச் சந்தோஷப்படக் கூடாது என்றால் எப்படி? 2024-25-ல் 15-ஆம் இடம், 42 புள்ளி. பில்பாவோவில் யூரோப்பா லீக் ஃபைனலை, அந்த சீசனில் எங்களுக்கும் கீழே இருந்த டோட்டன்ஹாமிடம் தோற்றோம். அடுத்த ஆகஸ்டில் கிரிம்ஸ்பியிடம். நாலாவது டிவிஷன் அணி! 2-2, பெனால்டியில் 12-11. அந்த ராத்திரி என் போனை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன், அலுவலகத்தில் இருக்கிற லிவர்பூல்காரர்கள் விடமாட்டார்கள் என்று. மனுஷன் அத்தனைக்கும் பிறகு போப்பே வந்து சொன்னாலும் ஃபார்மேஷனை மாற்ற மாட்டேன் என்றார். மூன்று டிஃபெண்டர் வைத்துத்தான் ஆடுவேன் என்று அடம். ஃபெர்னாண்டஸை நடுவில் பின்னுக்குத் தள்ளி ஓடவிட்டதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது?

ஓனர் விஷயத்தில் எங்களோடு போட்டி போடாதீர்கள். உங்கள் ஆள் கையிலிருந்து காசு போட்டு வாங்கினார். எங்கள் கிளேசர் குடும்பம் 2005-ல் 79 கோடி பவுண்டுக்கு வாங்கி, அதில் பெரும்பகுதிக் கடனை எங்கள் கிளப் தலையிலேயே கட்டியது. அதுவரை கடனே இல்லாத கிளப். இன்றுவரை வட்டி கட்டுகிறோம். எங்கள் மைதானம் ஓல்ட் டிராஃபோர்டின் கூரை ஒழுகுகிறது, மழை பெய்தால் அருவி மாதிரி கொட்டுகிற வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

பல்லடம் பண்ணையாள்

ஏனுங்க மோகனூர் தம்பி, ஒரு கேள்வி. நான் பிராய்லர் ஆள், வளர்ப்புக் கூலிக்கு கோழி வளர்க்கிறவன். வெங்கீஸுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை. ஆனால் நியாயம்னு ஒன்னு இருக்குதில்ல.

வருஷா வருஷம் அந்த கிளப் நட்டம். பதினைந்து வருஷமாக நட்டத்துக்குக் காசு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதுவரை போட்டது 20 கோடி பவுண்டைத் தாண்டும் என்கிறார்கள். நட்டத்தில் ஓடுகிற ஒரு கோழி செட்டை நீங்கள் எத்தனை பேட்ச் ஓட்டுவீர்கள்? ரெண்டு பேட்ச். மூன்றாவது பேட்சுக்குக் குஞ்சு இறக்காமல் செட்டைப் பூட்டிவிடுவீர்கள். இவர்கள் பூட்டவில்லை. அந்த ஊர்க்காரன் ஒருத்தனாவது நன்றி சொன்னானா? இந்தியாக்காரன், கோழி விக்கிறவன் என்கிற இளக்காரம் அதில் கொஞ்சமும் இல்லை என்று சத்தியம் பண்ணுவீர்களா?

காதர்பேட்டை (திருப்பூர்)

பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன். தொடருங்கள்.

மோகனூர்க்காரன்

பல்லடத்து அண்ணனுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளக்காரம் இருந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கோழியை வைத்துப் போட்ட ஜோக்குகளில் பாதி, அவர்கள் அமெரிக்காக்காரர்களாக இருந்திருந்தால் வந்திருக்காது. ஆனால் 2010 டிசம்பர் முதல் நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாம் அலர்டைஸ் மேனேஜர், அணி 13-ஆம் இடத்தில். அழகாக ஆடவில்லை, ஆனால் அவர் இருக்கும்வரை இறங்க மாட்டோம் என்கிற தைரியம் இருந்தது. டிசம்பர் 13 அன்று அவரை நீக்கினார்கள். அவருக்குக் கீழே கோச்சாக இருந்த ஸ்டீவ் கீனை மேனேஜராக்கினார்கள். அதற்கு முன்னால் எங்கேயும் முழுநேர மேனேஜராக இருந்ததில்லை. கிளப்பை வாங்க ஓனருக்கு யோசனை சொன்ன ஏஜென்டே கீனுக்கும் ஏஜென்ட். இது ஒன்றும் ரகசியமில்லை, அப்போதே பேப்பரில் எல்லாம் வந்தது. ஜனவரியில் ரொனால்டினோவைக் கூட்டிவருகிறோம் என்றார்கள். அவர் வரவில்லை. அந்த சீசனின் கடைசி நாளில் உல்வ்ஸ் மைதானத்தில் 3-2 ஜெயித்துத் தப்பித்தோம்.

அந்தக் கோடையில் டிஃபெண்டர் ஃபில் ஜோன்ஸை விற்றார்கள். வாங்கியது யார்? சிங்காநல்லூர் தம்பியின் கிளப். அடுத்த சீசனில் இன்னொரு டிஃபெண்டர் சாம்பாவும் போனார். வாரம் தவறாமல் மைதானத்தில் "கீன் அவுட்". டிசம்பர் 20, போல்டனிடம் சொந்த மண்ணில் 1-2. மேட்ச் முழுக்க கூட்டம் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மேனேஜர் நிற்கிற டக்அவுட்டைப் பார்த்துத்தான் கத்தியது. எதிரணி கோல் போட்டபோதுகூட அவ்வளவு சத்தம் வரவில்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால், விட்டுவிட்டு வருகிற ஸ்ட்ரீமில், பாதி நேரம் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கீனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டு கைதட்டிக்கொண்டே நிற்கிறார். பேட்டியில் வந்து எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது என்கிறார். அவர் தகுதிக்கு மீறிய நாற்காலி. ஆனால் அந்த நாற்காலியில் அவர் தானாக ஏறி உட்காரவில்லையே?

2012 மே 7, விகனுக்கு எதிராக. தோற்றால் காலி. யாரோ ஒருவர் ரோவர்ஸ் கொடி போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டுவிட்டார். ஆட்டம் நின்றது. அப்புறம் கடைசி நேரத்தில் அல்கராஸ் தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. 0-1. பதினொரு வருடம் பிரீமியர் லீக்கில் இருந்தது அன்றோடு முடிந்தது. உலகம் முழுக்க அந்தக் கோழிப் படம்தான் போனது.

அதன்பிறகும் கீன் இருந்தார் அண்ணா! செப்டம்பர் கடைசியில்தான் போனார். அதற்கடுத்து மேனேஜராக ஹென்னிங் பெர்க் 57 நாள். ஆப்பிள்டன் 67 நாள். பெர்க் கோர்ட்டுக்குப் போய் 22.5 லட்சம் பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். நீங்கள் சொன்ன 20 கோடியில் இதுவும் சேர்த்தி. தானே செய்த குளறுபடிக்குத் தானே கட்டிய அபராதத்தை, கிளப்புக்குச் செய்த தர்மமாக எப்படி எண்ணுவது?

நம் பண்ணையில் முட்டை சதவீதம் இறங்கினால் என்ன செய்வோம்? செட்டுக்குள் போவோம். தீவனத்தைக் கையில் அள்ளிப் பார்ப்போம், தண்ணீர் நிப்பிளை அழுத்திப் பார்ப்போம், எச்சத்தைப் பார்ப்போம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே சூப்பர்வைசரை மாற்றிக்கொண்டிருக்கிற முதலாளியை இந்த ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிளாக்பர்ன் மைதானமான ஈவுட் பார்க் பக்கம் ஓனர் குடும்பம் தலைகாட்டாமல் வருடக்கணக்காகிறது.

பல்லடம் பண்ணையாள்

அந்தக் கோழி கண்டிப்பாக பிராய்லர் இல்லைங்க. பிராய்லராக இருந்தால் அப்படி ஓடியிருக்காது.

மற்றதற்கு ராத்திரி வந்து பதில் சொல்கிறேன். குஞ்சு வண்டி வந்திருக்கு.

சிங்காநல்லூர் ரெட்

மோகனூர் அண்ணா, அந்த போல்டன் மேட்ச் முடிந்து பதினொரு நாளில் நீங்கள் எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்று ஏன் சொல்லவில்லை? 2011 டிசம்பர் 31. எங்கள் மேனேஜர் ஃபெர்குசனுக்கு 70-வது பிறந்தநாள். நீங்கள் கடைசி இடத்தில். ஓல்ட் டிராஃபோர்டில் 2-3. யாகுபு ரெண்டு கோல். 80-வது நிமிஷம் ஹான்லி. நான் அப்போது பத்தாவது. புத்தாண்டு கேக் வெட்டுகிற மூடே போய்விட்டது.

அதே சீசனில் கடைசியில் கோல் வித்தியாசத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் கோப்பையை விட்டோம். அந்த மூன்று புள்ளி இருந்திருந்தால்! உங்கள் கீன் எங்கள் வயிற்றிலும் அடித்துவிட்டுத்தான் போனார்.

மோகனூர்க்காரன்

ஹா ஹா. அந்த ஒரு மேட்சுக்காக கீனை ஒரு நாள் முழுக்கத் திட்டாமல் இருந்தேன் தம்பி.

பற்று வரவு (ஈரோடு)

நான் எந்த கிளப்புக்கும் ஆள் இல்லை. வீட்டுக்காரர் செல்சீ, மகன் சிட்டி, வீட்டில் போதுமான சண்டை இருக்கிறது. கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துச் சொல்கிறேன், இரண்டு பேரும் அதைச் சேர்த்துப் பேசுகிறீர்கள்.

கிளேசர் செய்தது: கடன் வாங்கி கிளப்பை வாங்கி, அந்தக் கடனை கிளப்பின் புத்தகத்திலேயே ஏற்றியது. அதாவது டிக்கெட் வாங்குகிறவர் கொடுக்கும் காசிலிருந்து, தன் கிளப்பை இன்னொருவர் வாங்கிய செலவுக்கு வட்டி போகிறது. இதில் சட்டப்படி தப்பில்லை. அதுதான் எரிச்சலே.

வெங்கீஸ் செய்வது நேர்மாறு. நட்டத்தை நிரப்ப உரிமையாளர் காசு உள்ளே வருகிறது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்க்கிற ஒருவர் வெங்கீஸைத்தான் நல்ல ஓனர் என்பார். ஆனால் அந்தக் காசு ஒரே ஒரு குழாய் வழியாகத்தான் வருகிறது. இங்கே வெங்கீஸ் மேல் அமலாக்கத் துறை விவகாரம் வந்த பிறகு, பிளாக்பர்னுக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர்நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நிற்க வேண்டி வந்தது. பிளாக்பர்ன் இருக்கிற லங்காஷயரில் ஒரு டிஃபெண்டரை வாங்கலாமா வேண்டாமா என்பது டெல்லியில் வாய்தா தேதியைப் பொறுத்திருந்தது! சொந்த வருமானத்தில் நிற்க முடியாத கிளப்புக்குக் கருணையுள்ள ஓனர் கிடைத்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

சிங்காநல்லூர் ரெட்

அக்கா, இதை யுனைடெட் இழையில் ஒட்டிக்கொள்ளலாமா? அங்கே ஒருத்தர் கிளேசர் "முதலீடு" செய்தார் என்று மூன்று பக்கமாகச் சாதிக்கிறார்.

பற்று வரவு

தாராளமாக. பெயர் வேண்டாம்.

காதர்பேட்டை

என் பங்குக்கு. 2010-ல் யுனைடெட் ரசிகர்கள் கிளேசரை எதிர்த்துப் பச்சையும் மஞ்சளும் கலந்த ஸ்கார்ஃப் போட்டார்களே, யுனைடெட்டின் பழைய பேரான நியூட்டன் ஹீத் காலத்து நிறம். பெக்கம் மிலானுக்கு ஆட வந்தவர், தோற்றுப்போய் வெளியே போகும்போது அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்த வருஷம் இங்கே ஒருத்தர் அந்த நிறத்தில் டி-ஷர்ட் தைத்து, கடை வாசலில் தொங்கவிட்டார். வாங்க வந்தவர்கள் எல்லாம் பிரேசிலா, ஆஸ்திரேலியாவா என்று கேட்டார்கள். கடைசியில் கிலோ கணக்கில் செகண்ட்ஸோடு, அதாவது பழுதான சரக்கோடு, சேர்ந்து போனது.

ஓனரை எதிர்த்துப் போடுகிற ஸ்கார்ஃபும் ஒரு சரக்குதான் என்பதை ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறேன்.

பல்லடம் பண்ணையாள்

வந்துட்டேன். முழுக்கப் படித்தேன்.

பெர்க் விஷயம் எனக்குத் தெரியாது. அது வீண் செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. ஈவுட் பார்க்கில் சீசன் டிக்கெட் வாங்கி, குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்கிறவன் ஓனரைத் திட்டட்டும். அவன் அப்பன் பாட்டன் உட்கார்ந்த இடம். நாம் யார்? ஓசி ஸ்ட்ரீமில் பார்க்கிறோம், காதர்பேட்டையில் இருநூறு ரூபாய்க்கு ஜெர்சி வாங்குகிறோம். அந்த கிளப்புக்கு நம்மால் ஒரு பைசா போகவில்லை. மோகனூரிலும் சிங்காநல்லூரிலும் உட்கார்ந்துகொண்டு ஓனர் வெளியே போ என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சிங்காநல்லூர் தம்பியின் கிளப் தோற்றால் தம்பி நாளைக்கே சிட்டிக்கு மாறலாம். மான்செஸ்டர்காரனால் முடியுமா?

சிங்காநல்லூர் ரெட்

மாறலாம் என்று யார் சொன்னது? கிரிம்ஸ்பிக்குப் பிறகும் மாறாதவன் இனி எங்கே மாறப்போகிறேன்?

பைசா போகவில்லை என்பதும் சரியில்லைங்க. டிவி உரிமையை வெளிநாடுகளுக்கு விற்று வருகிற காசு எவ்வளவு என்று பாருங்கள். ஆசியாவில் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் ஸ்பான்சரிடம் கிளேசர் பேரம் பேசுகிறார். விற்கும்போது மட்டும் நான் ரசிகன், கேள்வி கேட்டால் மட்டும் வெளியாளா?

அதோடு ராட்கிளிஃப் வந்தபோது நாங்கள் எல்லாம் எவ்வளவு நம்பினோம்! உள்ளூர்க்காரர், சின்ன வயதிலிருந்தே யுனைடெட் ரசிகர். 2024 பிப்ரவரியில் கால் பங்குக்குச் சற்று மேல் வாங்கி, ஆட்டம் சம்பந்தப்பட்ட பொறுப்பைக் கையில் எடுத்தார். எடுத்ததும் என்ன செய்தார்? அந்த ஜூலையில் கோச் டென் ஹாக்குக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார், அக்டோபரில் நீக்கினார். ஸ்போர்ட்டிங் டைரக்டராக ஆஷ்வொர்த்தை மாதக்கணக்கில் காத்திருந்து கூட்டிவந்தார், ஐந்தே மாதத்தில் அனுப்பினார். இதற்கெல்லாம் தண்டம் கட்டினார்கள். இன்னொரு பக்கம், காசில்லை என்று 250 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம் பேர். மைதானத்து ஊழியர்களுக்கு மதியச் சாப்பாடு நின்றது, பழம் கொடுத்தார்களாம். சீசன் நடுவில் டிக்கெட்டை 66 பவுண்டாக்கினார்கள், சின்னப் பையனுக்கும் பென்ஷன் வாங்குகிறவருக்கும் அதே விலை.

மெக்டாமினே! சின்ன வயதிலிருந்து எங்களிடம் வளர்ந்தவர். நேப்போலிக்கு விற்றார்கள். போன முதல் சீசனிலேயே அங்கே லீக் ஜெயித்து, இத்தாலியின் சிறந்த ஆட்டக்காரர் பட்டமும் வாங்கினார். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

போத்தனூர் பத்தாம் நம்பர்

பல்லடத்து அண்ணன் கேட்டதற்கு நான் வேறு விதமாகப் பதில் சொல்கிறேன். டிவி ரசிகனை விடுங்கள். நம் ஊரிலேயே ஒரு கிளப் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா?

சென்னை சிட்டி எஃப்சி. பேர்தான் சென்னை, இந்தியாவின் ஐ-லீக்கில் சொந்த மைதானம் நம்ம கோவை நேரு ஸ்டேடியம். 2019 மார்ச் 9. அன்று மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் சாம்பியன். இல்லையென்றால் ஈஸ்ட் பெங்கால் கொண்டுபோய்விடும், அவர்கள் அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நான் மேற்கு கேலரியில். முன்வரிசையில் ஒரு குழு ஜமாப் அடித்துக்கொண்டிருந்தது, பின்வரிசையில் பாலக்காட்டிலிருந்து வந்த பசங்க. ஆரம்பத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் ஒருத்தரும் பேசவில்லை, எல்லாரும் போனைப் பார்த்து கோழிக்கோட்டு ஸ்கோரைத் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டி போட்டார். அப்புறம் கௌரவ் போரா. அவர் டிஃபெண்டர்! மறுபடியும் அவரே. 3-1. ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி அதிகம். கோச் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர், சத்தமே போடாத மனுஷன், அன்றைக்குத் துள்ளினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

அந்த வருடம்தான் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் இதில் 26 சதவீதம் வாங்கியது. நம் ஊருக்கு அகாடமி வரும், பையன்கள் ஐரோப்பா போவார்கள் என்றெல்லாம் பேசினோம். அடுத்த சீசன் கொரோனாவில் பாதியில் நின்றது. 2020-21 முழுக்க வங்காளத்தில், பூட்டிய மைதானத்தில். அதற்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பேரே இல்லை.

நான் யாரையும் குறை சொல்லவில்லை, உள்ளே என்ன நடந்தது என்று பேச எனக்குத் தகுதியும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. எதிர்த்துக் கத்துவதற்குக்கூட எங்களுக்கு யாரும் மிஞ்சவில்லை. கோச் அவுட் என்று போர்டு பிடிக்க ஒரு கோச் வேண்டும், ஓனரைத் திட்ட ஒரு ஓனர் வேண்டும். ஸ்டேடியத்துக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் கடைகள் இன்னும் இருக்கின்றன, போய் அந்த அணி ஜெர்சி இருக்கிறதா என்று கேட்டேன். மெஸ்ஸி, ரொனால்டோ, சிஎஸ்கே என்று எடுத்துப் போட்டார்கள்.

பல்லடம் பண்ணையாள்

இதைத்தான் தம்பி நானும் சொல்கிறேன்! காசு போடுகிற ஓனரைத் துரத்திவிட்டு அப்புறம் என்ன செய்வது? 2019-ல் பரி என்கிற கிளப்பை லீக்கை விட்டே நீக்கினார்கள், பிளாக்பர்னிலிருந்து கூப்பிடு தூரம். நூறு வருஷத்துக்கு மேல் லீக்கில் ஆடிய கிளப். அந்தக் கதி பரவாயில்லையா?

போத்தனூர் பத்தாம் நம்பர்

அண்ணா, பரியை ரசிகர்கள் துரத்தி ஓனர் போகவில்லை. ஓனர் வைத்துக்கொண்டே கிளப்பை அழித்தார். நீங்கள் சொல்கிற உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது.

பற்று வரவு

ஷெஃபீல்டு வென்ஸ்டேவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓனர் சன்சிரி, தாய்லாந்தில் டூனா மீனை டின்னில் அடைத்து விற்கிற குடும்பம். 2015-ல் வாங்கினார். அவரும் பல வருடம் கையிலிருந்து போட்டார், மறுக்க முடியாது. அப்புறம் காசு வருவது நின்றது, சம்பளம் தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் கிளப், நொடித்த நிறுவனங்களுக்கு நியமிக்கிற நிர்வாகியிடம் போனது, உடனே 12 புள்ளி வெட்டு. ஆனால் அவர் போன அன்று ரசிகர்கள் என்ன செய்தார்கள்? கிளப் கடைக்கும் டிக்கெட் கவுண்டருக்கும் வரிசை கட்டி வந்தார்கள். அவர் இருக்கும்வரை ஒரு காசு தரமாட்டோம் என்று இறுக்கிப் பிடித்திருந்த பை அது.

ஜெர்மனியில் இந்தத் தலைவலியே குறைவு. அங்கே ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி. ஒரு சில கிளப்புகளுக்கு விலக்கு உண்டு. இங்கிலாந்திலும் 2025-ல் சட்டம் போட்டு ஃபுட்பாலுக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பு கொண்டுவந்திருக்கிறார்கள். ஓனராகத் தகுதி இருக்கிறதா, கணக்கு நேராக இருக்கிறதா என்று அது பார்க்கும். தோற்கிற கோச்சை வைத்திருக்காதே என்று அது சொல்லாது, சொல்லவும் முடியாது.

மோகனூர்க்காரன்

அக்கா சொன்ன கடைசி வரிதான் எங்கள் வியாதி. கணக்கு நேராக இருந்தும் கிளப் கெட்டுப்போகும்.

கீன் காலம் பழசு, அதையே பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். சமீபத்தியதைச் சொல்கிறேன். 2023 ஜனவரி, ட்ரான்ஸ்ஃபர் கடைசி நாள். லூயிஸ் ஓ'பிரையனை லோனில் எடுக்க எல்லாம் பேசி முடித்தாயிற்று. காகிதம் நேரத்துக்குப் போகவில்லை, லீக் நிராகரித்தது. சரி, ஒரு தடவை நடக்கும். அடுத்த வருடம் அதே கடைசி நாள். அமெரிக்காவிலிருந்து டங்கன் மெக்வயர் என்கிற ஸ்ட்ரைக்கர் விமானம் ஏறி வந்துவிட்டார். மறுபடியும் காகிதத்தில் கோளாறு! அந்தப் பையன் வந்த வழியே திரும்பிப் போனான். அதே வாரம் ஆடம் வார்ட்டனை கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். பிளாக்பர்னிலேயே பிறந்து, எங்கள் அகாடமியிலேயே வளர்ந்த பையன். அந்தக் கோடையில் இங்கிலாந்து அணியோடு யூரோவுக்குப் போனான். மேனேஜர் டோமாசன் வெறுத்துப்போய் அடுத்த சில நாளிலேயே விலகினார். அந்த சீசன் கடைசி நாளில் லெஸ்டரில் ஸ்மோடிக்ஸ் ரெண்டு கோல் போட்டிருக்காவிட்டால் நிலைமை என்னவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அவரையும் அந்த ஆகஸ்டிலேயே விற்றார்கள்.

அப்புறம் யூஸ்டேஸ். 2025 பிப்ரவரி. நாங்கள் இரண்டாம் டிவிஷனில் ஐந்தாவது இடம், மேலே ஏற வாய்ப்புத் தருகிற பிளே-ஆஃப் பகுதி. வருடக்கணக்காகப் பார்க்காத நல்ல நிலை. மனுஷன் எங்களை விட்டுவிட்டு டார்பிக்குப் போனார். டார்பி அப்போது இறங்கு பகுதியில் தத்தளிக்கிறது! மேலே ஏறுகிற கிளப்பை விட்டு, மூழ்குகிற கிளப்புக்கு ஒருத்தர் தானாகப் போகிறார் என்றால் இங்கே என்ன தெரிந்தது அவருக்கு? கடைசியில் ஏழாவது முடித்தோம், ஆறாவது இடத்துக்கு ரெண்டு புள்ளி குறைவு.

தோற்கிற கோச்சைத் துரத்துவது எல்லா கிளப்பிலும் நடக்கும். ஜெயிக்கிற கோச் தானாக ஓடுவதுதான் ஓனரைப் பற்றிச் சொல்கிற சேதி. பல்லடத்து அண்ணா, அவர்கள் காசு போடவில்லை என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. வந்து பாருங்கள் என்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்த மைதானத்தில் உட்கார்ந்து, அந்த வசவைக் காதால் கேளுங்கள் என்கிறேன்.

பல்லடம் பண்ணையாள்

யூஸ்டேஸ் கதை எனக்குப் புதுசு. அது கொஞ்சம் உறுத்துகிறது.

ஆனாலும் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்? கோழி எறிவார்கள். எறிகிற இடத்துக்கு எவன் பொண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவான்? முதலில் யார் நிறுத்துவது?

சிங்காநல்லூர் ரெட்

வாங்கினவர்தான். இதில் என்னங்க சந்தேகம்?

பல்லடம் பண்ணையாள்

உங்க கிளேசர் வந்தாரா?

சிங்காநல்லூர் ரெட்

2021 மே மாதம் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே இறங்கி லிவர்பூல் மேட்சை நிறுத்தினார்கள். பெரிய கிளப்புகள் தனியாகப் பிரிந்து ஆடப் பார்த்த சூப்பர் லீக் கூத்துக்குப் பிறகு. அப்போதும் வரவில்லை. ஒரு கடிதம் வந்தது.

காதர்பேட்டை

கடிதமாவது வந்ததே. எங்களிடம் சரக்கு வாங்குகிற பையருக்கு மெயில் போட்டால் அதுவும் வராது.

போத்தனூர் தம்பி, அந்த சென்னை சிட்டி ஜெர்சி ஃபோட்டோ ஒன்று தெளிவாக இருந்தால் அனுப்புங்கள், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும். டிரை-ஃபிட்டில் முப்பது பீஸ் போட்டுப் பார்க்கலாம். லோகோ வேண்டாம், வம்பு. நிறம் மட்டும்.

போத்தனூர் பத்தாம் நம்பர்

என்னிடம் ஜெர்சியே இருக்கிறது அண்ணா. எல் சைஸ், கழுத்து கொஞ்சம் நைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரட்டுமா?

மோகனூர்க்காரன்

எனக்கு ஒன்று. எக்ஸ்எல்.

பல்லடம் பண்ணையாள்

எனக்கும் போடுங்க. காசு இப்பவே அனுப்பிப்போடறேன்.